ஈலாவுக்கு யார் சொந்தக்காரர்கள்?

நியூயார்க்கில் அமெரிக்க ஓப்பன் டென்னிஸ் நடக்கும் ஃபிளஷிங் மெடோஸிலிருந்து 7-ஆம் எண் ரயிலில் சில நிறுத்தங்கள் தள்ளி இறங்கினால் வுட்சைடு. பிலிப்பைன்ஸ்காரர்களின் உணவகங்களும் மளிகைக் கடைகளும் நெருக்கியடிக்கும் அந்த இடத்துக்கு ‘லிட்டில் மணிலா’ என்றே பெயர். 2025 ஆகஸ்ட் 24 அன்று கிராண்ட்ஸ்டாண்ட் மைதானத்தில் 20 வயது அலெக்ஸாண்ட்ரா ஈலா, 14-ஆம் நிலை வீராங்கனையான டென்மார்க்கின் கிளாரா டௌசனை எதிர்கொண்டபோது, அது மணிலாவில் நடக்கும் ஆட்டமோ என்று சந்தேகம் வரும்படி அரங்கில் கொடிகளும் கூச்சலும். மூன்றாவது செட்டில் 1-5 என்று கிட்டத்தட்ட முடிந்துபோன ஆட்டத்தை இழுத்துப் பிடித்து, டைபிரேக்கரை 13-11 என்று வென்றார் ஈலா. ஓப்பன் சகாப்தத்தில் ஒரு கிராண்ட்ஸ்லாம் பிரதான சுற்றில் பிலிப்பைன்ஸ் பெற்ற முதல் ஒற்றையர் வெற்றி அது. தனக்கென்று சொந்த மண்ணில் ஒரு போட்டி கிடையாது, இங்கே வந்தவர்கள்தான் இதை வீடாக்கினார்கள் என்ற பொருளில் அவர் அன்று மைதானத்திலேயே பேசினார்.

வந்தவர்கள் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதையே பொருளாதாரக் கொள்கையாக வைத்திருக்கும் நாடு பிலிப்பைன்ஸ். 1974-இல் ஃபெர்டினாண்ட் மார்கோஸ் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, வெளிநாட்டு வேலைக்கு ஆளனுப்புவதை அரசின் பொறுப்பாக்கியது. வேலையில்லாத் திண்டாட்டம் தீரும்வரைதான் என்றார்கள். அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. 2024-இல் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் 3,800 கோடி டாலருக்கும் மேல். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு. 1988-இல் ஹாங்காங் போன அதிபர் கொராசோன் அக்கினோ, அங்கே வீட்டுவேலை பார்த்த பெண்களைப் ‘புதிய நாயகர்கள்’ என்று புகழ்ந்தார். பட்டம் கொடுப்பதில் செலவில்லை.

அமெரிக்காவில் இந்த உழைப்பின் முகம் செவிலியர். அந்நாட்டுச் செவிலியர்களில் பிலிப்பைன்ஸ் வம்சாவளியினர் 4 சதவீதம்தான். ஆனால், கொரோனாவில் உயிர்விட்ட செவிலியர்களில் அவர்கள் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு என்று 2020 செப்டம்பரில் தேசியச் செவிலியர் சங்கம் ஒன்று கணக்கு வெளியிட்டது. அந்த ஆண்டு ஏப்ரலில் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியிலுள்ள எல்ம்ஹர்ஸ்ட் மருத்துவமனை நோயாளிகளைத் தாங்க முடியாமல் பிதுங்கியபோது, நெரிசலைக் குறைக்க அருகிலேயே 350 படுக்கைகளுடன் தற்காலிக மருத்துவமனை அமைத்தார்கள். அமைத்த இடம், அமெரிக்க ஓப்பன் நடக்கும் டென்னிஸ் வளாகத்தின் உள்ளரங்கம். ஐந்து ஆண்டுகள் கழித்து ஈலாவின் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தியவர்களை வெறும் ரசிகர் கூட்டம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஈலாவும் சிறு வயதிலேயே ஊரைவிட்டுப் போனவர்தான். 2005-இல் கியூசான் சிட்டியில் பிறந்து, தாத்தாவிடம் டென்னிஸ் கற்று, 2018-இல் பிரான்சின் லெ பெட்டி ஆஸ் சிறுவர் போட்டியை வென்று, ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் மனாகோரிலுள்ள ரஃபேல் நடாலின் அகாடமியில் சேர்ந்தார். பதின்வயது முழுக்க அங்கேதான். 2022-இல் அமெரிக்க ஓப்பன் ஜூனியர் பட்டத்தை வென்றபோது பரிசளிப்பு மேடையில் தாய்மொழியிலும் பேசி நாட்டை அழவைத்தார். 2025 மார்ச்சில் மயாமியில் உலகின் 140-ஆவது இடத்திலிருந்து ‘வைல்டு கார்டு’ பெற்று நுழைந்த 19 வயதுப் பெண், யெலினா ஒஸ்டபென்கோ, மேடிசன் கீஸ், இகா ஸ்வியாடெக் என்று மூன்று கிராண்ட்ஸ்லாம் சாம்பியன்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அரையிறுதிவரை போனார். ஈராண்டுகளுக்கு முன் நடால் அகாடமியில் ஈலா பள்ளிப் படிப்பை முடித்த விழாவில் சிறப்பு விருந்தினராக வந்து அவரோடு படம் எடுத்துக்கொண்டவர்தான் அந்த ஸ்வியாடெக்.

ஊரைவிட்டுப் போனவர்கள் என்ற இந்த ஒற்றுமையை ரொம்பவும் நீட்டிக்கக் கூடாது. ஈலாவின் அம்மா முன்னாள் நீச்சல் வீராங்கனை. பெரிய தொலைத்தொடர்பு நிறுவனமொன்றின் நிதித் துறைத் தலைமைவரை உயர்ந்தவர். சித்தப்பா, பெரியப்பா வரிசையில் தொழில்முறைக் கூடைப்பந்து லீகின் ஆணையராக இருந்தவரும் உண்டு. ஹாங்காங்கில் அடுத்தவர் குழந்தையை வளர்த்துத் தன் குழந்தைக்குப் பணம் அனுப்பும் பெண்ணுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் நடுவே உள்ள தூரம் சிறிதல்ல. அரங்கில் அந்தத் தூரம் யார் கண்ணிலும் படவில்லை என்றால், ஏமாந்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. சீருடையும் ‘ஷிஃப்ட்’டுமாக வாழ்கிறவர்களுக்கு, தங்கள் நாட்டின் பெயர் ஸ்கோர் பலகையில் கீஸுக்கும் ஸ்வியாடெக்குக்கும் எதிரே எழுதப்படுவதே பெரிய கணக்குத் தீர்ப்பு. யார் வீட்டுப் பெண் என்று விசாரித்துவிட்டா கைதட்டுவார்கள்?

இந்தப் பெருமைப் போக்குவரத்து இருவழிப் பாதை. 2023 ஜூலையில் பெண்கள் உலகக் கோப்பைக் கால்பந்தில் பிலிப்பைன்ஸுக்கு முதல் கோல் அடித்து, நியூஸிலாந்தை அவர்கள் ஊரிலேயே வீழ்த்திய சரீனா போல்டன் பிறந்தது கலிஃபோர்னியாவில். அந்த அணியில் பெரும்பாலோர் அமெரிக்காவில் பிறந்தவர்களே. ‘இவர்களெல்லாம் நம்மவர்களா?’ என்ற முணுமுணுப்பு மணிலாவில் உண்டு. ஜெயித்த நாளில் அது கேட்பதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் பழைய குடியுரிமையை மீட்டுக்கொள்ள 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. புலம்பெயர்ந்தோர் அளவில் பார்த்தால், ‘நம்மவர்’ என்பதன் எல்லையை அந்த நாடு தாராளமாகவே வரைந்திருக்கிறது.

அரசு கொண்டாடும் பெருமையைத்தான் நான் சந்தேகிக்கிறேன். ஹிடிலின் டயஸ் கதை போதும். சாம்போவாங்காவின் மூன்று சக்கர வண்டி ஓட்டுநர் மகள். பளுதூக்குதலில் 2016 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர். 2019-இல் பயிற்சிச் செலவுக்கு ஆதரவாளர்களைத் தேடிச் சமூக ஊடகத்தில் கோரிக்கை வைக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு, அதிபர் டுடெர்டேவைக் கவிழ்க்கச் சதி என்று அதிபர் மாளிகை வெளியிட்ட வரைபடத்தில் அவர் பெயரும் இருந்தது. பிறகு ஏதேதோ சொல்லிச் சமாளித்தார்கள். 2021-இல் டோக்கியோவில் நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை அவர் தூக்கிவந்ததும், பழையதை மறந்துவிடும்படி அதே டுடெர்டே கேட்டுக்கொண்டார். புலம்பெயர்ந்தோர் ஈலாவுக்காகச் செலவழிப்பது தங்கள் சம்பளமும் விடுமுறை நாளும். அரசுகள் பதக்கம் வந்த பிறகுதான் பணப்பையைத் திறக்கின்றன.

இந்தப் பெருமையின் சுமை ஈலாவின் தோளில். 2025 ஜூனில் ஈஸ்ட்போர்ன் இறுதிப் போட்டியில் பட்டத்துக்கான நான்கு வாய்ப்புகளைக் கையில் வைத்திருந்து மாயா ஜாயின்டிடம் தோற்றபோது கண்கலங்கிவிட்டார். டிசம்பரில் தரவரிசைப் புள்ளி ஒன்றுகூடத் தராத தென்கிழக்கு ஆசியப் போட்டிக்குப் போய்க் கொடி ஏந்தினார். ஒற்றையர் தங்கமும் வென்றார். மற்ற வீராங்கனைகள் அடுத்த பருவத்துக்குத் தயாராகும் நாள்கள் அவை. யாரும் அவரைக் கட்டாயப்படுத்தியதாகச் செய்தி இல்லை. கட்டாயப்படுத்தத் தேவையே இல்லாதபடி எதிர்பார்ப்பு வளர்ந்துவிட்டது என்பதுதான் கவலை.

2026 ஜனவரியில் மணிலாவின் ரிசால் நினைவு வளாகத்தில் டபிள்யுடிஏ 125 போட்டி நடந்தது. தனக்கு இல்லை என்று ஈலா சொன்ன சொந்த மண் போட்டி ஒருவழியாக வந்துவிட்டது, அவருக்காகவே வந்தது. அங்கே புதுப்பித்த ஆடுகளங்களில் அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும், சாம்போவாங்காவிலிருந்து ஒரு சிறுமி வந்து பயிற்சி எடுக்க வழி இருக்குமா, அல்லது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் மனாகோருக்கு விமானம் ஏறுவார்களா என்பதை மணிலா இனிமேல்தான் முடிவு செய்ய வேண்டும். நமக்கும் இந்தக் கேள்வி தூரத்துக் கேள்வி அல்ல: கோவையின் டென்னிஸ் வீராங்கனை மாயா ராஜேஸ்வரனும் பதின்ம வயதில் பயிற்சிக்குப் போயிருப்பது அதே அகாடமிக்குத்தான்.