தார்ப்பாய் கட்டினவனுக்குத் தண்டனையா?

 

விவசாய சங்கம் பயிரை விட்டுட்டு வீட்டுக் கூரையைப் பத்தி ஏன் எழுதுகிறது என்று சிலர் கேட்கலாம். நம்ம ஆரணிப் பக்கத்தில் வயல் வேறு, வீடு வேறு என்று பிரிக்க முடியுமா? ஒண்ணரை ஏக்கர் நெல், வீட்டுக்குள்ளே ஒரு தறி, கொட்டகையில் ரெண்டு மாடு. கூரை போனால் விதை நெல்லும் நனையும், பாவும் நனையும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலோரத்துப் புயல் நம்மை என்ன செய்யும் என்று இருந்தோம். மறுநாள் டிசம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலையில் மலைச்சரிவு மண் சரிந்து 7 உயிர்கள் போயின. நம்ம கிராமங்களில் ஓடு பறந்தது. மண் சுவர் ஊறி விழுந்தது.

அப்போது நம்ம சங்க உறுப்பினர் ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். கூரையில் பாதி ஓடு போய்விட்டது. வயசான அம்மா, ரெண்டு பிள்ளைகள். மனுஷன் விடியற்காலையில் கடன் வாங்கி தார்ப்பாய், சவுக்குக் கட்டை, கயிறு வாங்கி, ரெண்டு ஆள் வைத்து இழுத்துக் கட்டினார். கூலியோடு ஐயாயிரம் தாண்டிவிட்டது. ஆறாம் நாள் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். தெருவில் நின்றபடியே, "கூரைதான் மூடியிருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார். நோட்டில் பேர் ஏறவில்லை. திறந்து கிடந்த பக்கத்து வீட்டுக்குப் பேர் ஏறியது. அவருக்கும் கிடைக்கட்டும், அதில் நமக்கு வருத்தம் இல்லை. ஆனால் நம்ம உறுப்பினர் கேட்டார்: "புள்ளைங்களை மழையில நனைய விட்டிருந்தா காசு வந்திருக்குமா அண்ணே?" எங்களிடம் பதில் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2022-23 முதல் 2025-26 வரைக்கும் ஒன்றிய அரசு போட்ட பேரிடர் நிவாரண விதிப்படி, சமவெளியில் முழுசா இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். ஒரு பகுதி இடிந்த கல் வீட்டுக்கு 6,500. மண் வீடு என்றால் 4,000. குடிசைக்கு 8,000. ஃபெஞ்சலின் போது தமிழ்நாடு அரசு குடிசைக்கு 10,000 என்று அறிவித்தது. ஒரு பகுதி சேதம் என்றால் குறைந்தது 15 சதவீதம் இருக்க வேண்டும். தார்ப்பாய்க்கு அடியில் இருக்கும் 15 சதவீதத்தை ரோட்டில் நின்று எப்படி அளப்பது? முகாமுக்குப் போனவர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் விதியில் உண்டு. வீட்டை விட்டுப் போகாமல் ஒட்டுப் போட்டுக்கொண்டு இருப்பவருக்கு அந்தச் செலவுக்கென்று ஒரு வரி கிடையாது.

தறி இருக்கிற வீட்டில் நிலைமை இன்னும் மோசம். குழித்தறியில் தண்ணீர் இறங்கினால் இறைக்க ரெண்டு நாள், காய ஒரு வாரம். ஜக்கார்டு அட்டை ஊறினால் குப்பைதான். பட்டும் ஜரிகையும் முதலாளியுடையது, நனைந்தால் கணக்கு மட்டும் நெய்கிறவர் தலையில். மேலே சொன்ன அதே விதியில் கைத்தறிக்காரருக்குத் தளவாடத்துக்கு 5,000, சரக்குக்கு 5,000 என்று இருக்கிறது. நம்ம தெருக்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எழுதிக் கேட்டால்தானே கிடைக்கும்.

சரி, இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற வீட்டுப் பாலிசியைத் தர வேண்டும். புயல், வெள்ளம், மண்சரிவு எல்லாம் அதில் அடக்கம். வீட்டுக் கடன் வாங்கிய சிலருக்கு வங்கியே பிரீமியம் பிடித்துப் பாலிசி போட்டிருக்கும், அவர்களுக்கே தெரியாது. பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தப் பாலிசி, சேதம் மேலும் பெருகாமல் தடுப்பது உங்கள் கடமை என்கிறது. சர்வேயர் பார்க்கும் முன்னே முழு ரிப்பேர் செய்யக் கூடாது, ஆனால் உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்தைத் தடுக்க வேண்டியதைச் செய்யலாம். அதாவது தார்ப்பாய் கட்டுவது குற்றமில்லை, கட்டாமல் விடுவதுதான் தப்பு. கம்பெனிக்காரனுக்கே தெரிந்த இந்த நியாயம் நிவாரணக் கணக்கு எடுக்கிறவர்களுக்கு ஏன் தெரியவில்லை? கடமை என்று எழுதினால் போதுமா? அந்தச் செலவைத் திருப்பித் தருவோம் என்றும் பச்சையாக எழுத வேண்டும்.

சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளுக்குப் பத்து வருஷம் காப்பீடு இருக்க வேண்டும் என்று நம்ம மாநில அரசே விதி வைத்தது. குஜராத்தில் சேவா பெண்கள் சங்கம் 1992 முதல் ஏழைப் பெண்களின் உடைமைகளுக்கும் சேர்த்து காப்பீடு நடத்துகிறது. ஆக, முடியாத காரியம் இல்லை. ஆனால் 2025 செப்டம்பரில் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டியை எடுத்தவர்கள், வீட்டுக் காப்பீட்டுக்கு 18 சதவீதத்தை அப்படியே விட்டார்கள். ஓட்டு வீட்டுக்காரன் என்ன பாவம் செய்தான்?

நாம் கேட்பது இதுதான். தற்காலிகமாகக் கூரை மூடின செலவை ரசீது, போட்டோ பார்த்து நிவாரணத்தில் தனியாகத் தர வேண்டும். மூடியிருக்கிற கூரையை உள்ளே போய்ப் பார்த்துக் கணக்கெடுக்க வேண்டும். அரசுத் திட்டத்தில் கட்டின வீடுகளுக்கும், சிறு விவசாயி, நெசவாளி வீடுகளுக்கும் அரசே பிரீமியம் கட்டிக் குழுக் காப்பீடு போட வேண்டும். வீட்டுக் காப்பீட்டுக்கும் ஜிஎஸ்டி போக வேண்டும்.

அது வரும் வரை நம்ம பக்கம் செய்ய வேண்டியதும் உண்டு. தார்ப்பாய் கட்டும் முன்னே செல்போனில் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், பிள்ளைகளிடம் கொடுத்தால் எடுத்துத் தரும். உடைந்த ஓட்டைத் தூக்கி எறியாதீர்கள். கயிறு வாங்கினாலும் பில் கேளுங்கள், கூலி கொடுத்தால் கையெழுத்து வாங்குங்கள். பாலிசி இருந்தால் அன்றைக்கே தகவல் சொல்லி, 30 நாளைக்குள் கிளைம் ஃபாரம் கொடுங்கள். தற்காலிகச் செலவைத் தனி வரியாக எழுதுங்கள். தகவல் சொன்ன 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அவர் அறிக்கை தர வேண்டும் என்பது 2024-ல் வந்த உத்தரவு. வீட்டுக்குள் தறி இருந்தால் பாலிசி எடுக்கும்போதே சொல்லி எழுத்தில் வாங்குங்கள், இல்லாவிட்டால் பிற்பாடு அதையே காரணம் காட்டுவார்கள். கிளைமை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனிக்குப் புகார் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலும், பதில் சரியில்லை என்றாலும், சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனுக்கு மனு போடலாம், கட்டணம் கிடையாது.

ஃபெஞ்சலில் விடுபட்டவர்கள் பழைய போட்டோ, பில், ரேஷன் கார்டு நகல் எது இருந்தாலும் சங்கக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். ஒன்றுமே இல்லை என்றால் பக்கத்து வீட்டார் ரெண்டு பேர் கையெழுத்தோடு வாருங்கள். அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஆளுக்கொரு மனுவோடு, கிழிந்த தார்ப்பாயையும் தோளில் போட்டுக்கொண்டு போகிறோம்.