தரங்கம்பாடி: அலை பாடுகிறதா?

திருக்கடையூரில் உறவினர் ஒருவருக்கு அறுபதாம் கல்யாணம். சடங்குகள் முடிந்து பந்தியும் எழுந்தபின், "பக்கத்தில்தானே இருக்கிறது, கோட்டையைப் பார்த்துவிட்டுப் போகலாம்" என்று வேனைத் தரங்கம்பாடிக்குத் திருப்பினார்கள். நல்ல வெயில். கோட்டைக்கு அரைமணி, கடற்கரைக்குக் கால்மணி, சுண்டலுக்குப் பத்து நிமிடம். அவ்வளவுதான், வேன் ஊர் திரும்பிவிட்டது. அங்கே வருபவர்களில் பலரும் இப்படித்தான் வந்து போகிறார்கள் என்று தோன்றியது. மனம் கேளாமல் அடுத்த வாரமே நண்பர் ஒருவருடன் மீண்டும் சென்று ஒரு பகல் முழுவதும் நடந்தேன். அதன்பிறகே அவ்வூரை நாம் தவறாக வாசித்துக்கொண்டிருக்கிறோம் என்ற எண்ணம் உறுதிப்பட்டது.

தவறு பெயரிலேயே தொடங்குகிறது. 'பாடும் அலைகளின் ஊர்' என்று சுற்றுலாக் கையேடுகள் பொருள் சொல்கின்றன. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. தரங்கம் என்றால் அலை, அதில் ஐயமில்லை. ஆனால் பாடி என்பது பாடுவதன்று, ஊர், குடியிருப்பு. வாணியம்பாடியும் வியாசர்பாடியும் ஆய்ப்பாடியும் பாட்டுப் பாடவில்லையே! கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயிலில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அதில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. முன்னொட்டு மாறியிருக்கிறது, பாடி மாறவில்லை. அலையின் பாட்டைக் கேட்க வருகிறவனுக்கு ஊர் ஒரு காட்சி. பாடி என்று வாசிப்பவனுக்கோ அது மனிதர்கள் வாழ்ந்த, வாழ்கிற இடம்.

அந்தக் கோயிலை முதல் பயணத்தில் எங்களில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. கரையைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். டேனியர்கள் வருவதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே ஒரு துறைமுக ஊர் இருந்ததற்கு அந்தக் கோயிலே சாட்சி. சாட்சி கரைந்துகொண்டிருக்க, நாம் சற்றுத் தள்ளியுள்ள கோட்டை முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம்.

கோட்டையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. தஞ்சை ரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று 1620இல் டேனியர்கள் எழுப்பிய டேன்ஸ்போர்க் கோட்டை, 1845இல் ஊரோடு சேர்த்து ஆங்கிலேயருக்கு விற்கப்படும்வரை அவர்கள் கையில் இருந்தது. ஆனால் அதன் சுவர்களுக்குள் நடந்தவற்றுள் தமிழ் வாசகன் முதலில் நினைக்க வேண்டியது வேறொன்று. 1706இல் இங்கு வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, 1708இன் இறுதியில் டேனிய ஆளுநரின் ஆணையால் ஏறத்தாழ நான்கு மாதம் சிறை வைக்கப்பட்டது இங்கேதான். அவரை அனுப்பியவரும் டேனிய மன்னர்தாம் என்பது வரலாற்றின் குறும்பு.

சிறைக்குப் போகுமுன்பே, அதே 1708இல், தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு அவர் ஒரு விவரப் பட்டியல் எழுதி முடித்திருந்தார். தமிழர் இயற்றிய நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் அதில் உள்ளன. வந்து இரண்டே ஆண்டுகளில் இது! மணலில் விரலால் எழுதப் பழகும் பிள்ளைகளோடு அமர்ந்து அகரம் கற்ற மனிதர் அவர். தமிழ் எழுத்தில் அச்சு 1578லேயே கொல்லத்தில் நிகழ்ந்துவிட்டது. எனவே இவரை முதல்வர் என்பது பிழை. ஆனால் 1712க்குப் பின் தரங்கம்பாடியில் அச்சு ஒரு நிலைத்த தொழிலாயிற்று. ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியவை, காகிதமோ பற்றாக்குறை. ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது.

அவர் மதம் மாற்ற வந்தவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த நோக்கத்தோடு எனக்கு உடன்பாடும் இல்லை. எனினும் தமிழரின் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் எழுதிய பெருநூலை, ஜெர்மனியில் இருந்த அவருடைய மேலிடமே அச்சிட மறுத்தது. அது சென்னையில் அச்சேற 1867 ஆயிற்று. பிறரைக் கூர்ந்து கற்றவர் தம்மவரிடம் ஐயத்துக்குள்ளானார். ராஜவீதியில் 1718இல் எழுப்பப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தினுள், 36 வயதில் மறைந்த அவருடைய கல்லறை முன் நின்றபோது இதுதான் நினைவில் இருந்தது.

மாலையில் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம், "அலை பாடும்னு சொல்றாங்களே, ஐயா?" என்று கேட்டேன். நிமிராமலே சொன்னார்: "பாட்டா? இரையுது தம்பி. இரைச்சல் மாறுச்சுன்னா கரையில நிக்கக் கூடாது." 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இவ்வூரில் வாரிச் சென்ற உயிர்கள் பல. கரையோரக் குடியிருப்புகள் அழிந்து, பின்னர் உள்ளே தள்ளிப் புதிய வீடுகள் எழுந்தன. அவர் எந்த வீட்டில் இருக்கிறார், யாரை இழந்தார் என்று கேட்க எனக்கு நா எழவில்லை.

பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பது நல்ல பணி, தொடர வேண்டும். ஆனால் மரபு என்றால் வெள்ளையடித்த ஐரோப்பியச் சுவர் மட்டுமே என்ற எண்ணம் நம்முள் ஊறிவிட்டது. கடல் தின்னும் கோயிலும், அச்செழுத்து வார்த்த நினைவும், வலை பின்னும் கைகளும் அந்த மரபில் சேராவா?

திருக்கடையூர் செல்லும் நண்பர்கள் ஒரு பகலை இதற்கென ஒதுக்குங்கள். வெயிலுக்கு முன் கோயில், பிறகு ராஜவீதி, கோட்டை கடைசியில் போதும். மாலையில் கரையில் சிறிது நேரம் சும்மா இருங்கள். அலை பாடுவதாக உங்களுக்குத் தோன்றினால், அருகில் வலையோடு இருப்பவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.