மேடை கேட்ட மேளக்காரர்

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? "கிராப்பு வைத்துக்கொண்ட நாதசுரக்காரர். விரல் நிறைய மோதிரம். மனசு இல்லை என்றால் கச்சேரிக்கே வரமாட்டார்" என்பார்கள். பிறகுதான் தோடி ராகம் ஞாபகத்துக்கு வரும். தோடி முன்னால் வரவேண்டும், மோதிரம் பின்னால் வரவேண்டும் என்பது என் கட்சி.

ராஜரத்தினம் 1898-ல் பிறந்தார். 1956 டிசம்பர் 12-ந் தேதி சென்னையில் காலமானார். அப்போது வயது 58. அவருடைய கடைசிக் காலத்தைப் பற்றித்தான் வேடிக்கைக் கதைகள் அதிகம்.

சட்டை போட்டது தப்பா?

அந்தக் காலத்து நாதசுரக்காரர் குடுமி வைத்திருப்பார். சட்டை போடமாட்டார். மேல் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார். சாமி ஊர்வலத்தில் நடந்துகொண்டே வாசிப்பார். பாட்டுக்காரருக்கு மேடை உண்டு. பிடில்காரருக்கும் உண்டு. மேளக்காரருக்கு மட்டும் வாசல்!

ராஜரத்தினம் குடுமியை எடுத்தார். பட்டுச் சட்டை போட்டார், ஷெர்வானி போட்டார். மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார். "திமிர் பிடித்தவன்" என்றார்கள். ஒரு ராகத்தை மணிக்கணக்கில் மூச்சுப்பிடித்து ஊதுகிற மனிதன் உட்காரக்கூடாதா? இதில் திமிர் எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

உடுப்பை மாற்றியது சின்ன விஷயம். அவர் வாத்தியத்தையே மாற்றினார். பழைய நாதசுரத்துக்குத் திமிரி என்று பெயர். அது குட்டையானது, சுருதி உச்சத்தில் இருக்கும். நாலு வீதிக்குக் கேட்க அதுதான் சரி. ஆனால் உட்கார்ந்து கேட்கிறவருக்குக் காது வலிக்கும். ராஜரத்தினத்துக்குக் கீழ்ச்சுருதியில் நீளமான நாதசுரம் வேண்டியிருந்தது. கும்பகோணம் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரி என்ற தொழிலாளி ஆச்சா மரத்தில் கடைந்து கொடுத்தார். அதுதான் பாரி நாதசுரம். பழைய வாத்தியத்தில் சுத்த மத்திமம் சரியாக நிற்காது, வாசிப்பவர்தான் உதட்டாலும் விரலாலும் சரிக்கட்ட வேண்டும். புதியதில் அந்தத் தொல்லை தீர்ந்தது. இன்று எல்லா வித்துவான்கள் கையிலும் இருப்பது இந்த வகைதான். நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஒத்து ஊதுவதற்குப் பதிலாகத் தம்புரா வைத்துக்கொண்டதும் அவர்தான். இதற்கும் ஊர் சிரித்தது.

அவரிடம் குறையே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. வந்த பணம் தண்ணீராய் ஓடியது. குடியும் இருந்தது. காத்திருந்த ரசிகர்களைத் தவிக்க விட்ட நாளும் உண்டு.

டில்லியில் கேட்ட நாதசுரம்

1940-ல் 'காளமேகம்' படத்தில் அவர் நடித்தார். எல்லிஸ் டங்கன் என்ற அமெரிக்கர் எடுத்த படம் அது. 1947 ஆகஸ்டில் சுதந்திரம் வந்த சமயம், திருவாவடுதுறை ஆதீனத்தார் டில்லிக்குப் போனபோது கூடப் போய் வாசித்தவர் இவர். இத்தனை பேர் இருந்தும் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் இவருக்கு வரவில்லை. நாதசுரத்துக்கு அந்தப் பட்டம் 1956-ல்தான் வந்தது. திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்குக் கிடைத்தது. அவரும் மகாவித்துவான், அதில் எனக்குக் குறை இல்லை. அடுத்த நாதசுரக்காரர் ஷேக் சின்ன மௌலானா. அது 1998-ல். நடுவில் 42 வருஷம்!

அமெரிக்காவிலும் இப்படி ஒரு பேர்வழி இருந்தார். பெயர் சன் ரா. ஜாஸ் இசை வாசிக்கும் வாத்திய கோஷ்டியின் தலைவர். "நான் சனிக் கிரகத்திலிருந்து வந்தவன்" என்பார். ஜிகினா அங்கி போட்டுக்கொண்டு மேடை ஏறுவார். ஜனங்கள் சிரித்தார்கள். ஆனால் அவர் 1968-ல் பிலடெல்பியாவில் குடியேறி, வாத்தியக்காரர்களை ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு ஓயாமல் சாதகம் செய்ய வைத்தார். 1990-ல் பக்கவாதம் வந்தது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே வாசித்தார். 1993-ல் இறந்தார். அவருடைய கோஷ்டி அவருக்குப் பின்னும் கலையவில்லை. அதை நடத்திய சீடர் மார்ஷல் ஆலனுக்கு 2024-ல் நூறு வயது ஆயிற்று.

ராஜரத்தினத்துக்கும் நல்ல சீடர் வாய்த்தார். காருகுறிச்சி அருணாசலம். 1962-ல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் அவர் நாதசுரத்தைக் கேட்டு ஊரே சொக்கியது. ஆனால் 1964-லேயே அவரும் போய்விட்டார்.

செருப்பு வைக்கும் மூலை

நான் குடியிருப்பது தாம்பரம் பக்கம். குரோம்பேட்டை, பல்லாவரம் என்று ஜி.எஸ்.டி. ரோட்டு மண்டபங்களில் கல்யாணத்துக்குப் போகிறேன். பூ அலங்காரத்துக்கும் விளக்கு அலங்காரத்துக்கும் கேட்ட பணத்தைக் கொடுக்கிறார்கள். மேளக்காரரிடம்தான் பேரம்! செருப்பு விடுகிற மூலைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு பாய். ராகத்தை எடுத்து இரண்டு நிமிஷம் ஆவதற்குள் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு வந்துவிடுகிறது. "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று கையை ஆட்டும்போது மட்டும் அவர் ஞாபகம் வருகிறது. ராஜரத்தினம் சண்டை போட்டு வாங்கிய மேடையை நாம் சத்தமில்லாமல் திருப்பி எடுத்துக்கொண்டோம்.

உங்கள் வீட்டில் வருகிற தையில் கல்யாணமா? முகூர்த்தம் ஏழரைக்கு என்றால் மேள செட்டை ஆறு மணிக்கே வரச்சொல்லுங்கள். மணமேடைக்கு அருகிலேயே ஜமக்காளம் விரியுங்கள். முதலில் காபி கொடுங்கள். ஒலிபெருக்கிக்காரரை ஒரு மணி நேரம் வெளியே அனுப்பிவிட்டு, "அண்ணே, தோடி வாசியுங்கள்" என்று கேளுங்கள். டிபன் பந்தி அதுவரை காத்திருக்கும்.