அச்சிட்ட மின்னஞ்சல், மின்னஞ்சல் ஆகுமா?

மின்னஞ்சல் வந்தவுடன் அதனை அச்சிட்டு, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டு, துளையிட்டுக் கோப்பில் சேர்த்துவிட்டால் அந்த விவகாரம் பத்திரமாகிவிட்டது என்று கருதும் பழக்கம் நம் அலுவலகங்களிலிருந்து இன்னும் மறையவில்லை. அலுவலகங்களை மட்டும் சொல்வானேன்? மறையூர், காந்தளூர்ப் பகுதிகளில் எங்களிடம் கணக்கு வைத்திருக்கும் வாடிக்கையாளர்களில் பலரும் இதையே செய்கின்றனர். கடன் அனுமதிக் கடிதமோ, காப்பீட்டு நிறுவனத்தின் பதிலோ மின்னஞ்சலில் வந்தால், அக்ஷயா மையத்தில் அச்சிட்டு, நெகிழி உறையிலிட்டு, நிலத்தின் ஆதாரப் பத்திரத்தோடு சேர்த்துப் பெட்டியில் பூட்டிவிடுகின்றனர். பிறகு, இடத்தை அடைக்கிறது என்று அந்த மின்னஞ்சலை அழித்தும் விடுகின்றனர். அச்சிடுவதில் நமக்கு எவ்வித மறுப்பும் இல்லை. அழிப்பதைத்தான் நாம் மறுக்கிறோம்.

மின்னஞ்சல் என்பது திரையில் நாம் படிக்கும் சொற்கள் மட்டும் அன்று. அச்சொற்களுக்குப் பின்னால், அனுப்பியவரின் உண்மையான முகவரி, எந்தெந்தக் கணினிகளின் வழியே எந்த நொடியில் வந்தது என்னும் வழிக்குறிப்பு, உடன் யார் யாருக்குப் படி அனுப்பப்பட்டது என்னும் பட்டியல், இணைப்புக் கோப்புகள் ஆகியவை அனைத்தும் அடங்கியிருக்கின்றன. அச்சு இயந்திரம் இவற்றில் பெரும்பகுதியை விட்டுவிடுகிறது. அனுப்பியவர் பெயர் என்று தாளில் விழுவது, அனுப்பியவர் தாமே சூட்டிக்கொண்ட பெயராகவும் இருக்கலாம். வங்கியின் பெயரைச் சூட்டிக்கொண்டு போலிக் கடன் அனுமதிக் கடிதம் அனுப்புகிறவர்கள் நம்பியிருப்பது இதைத்தான். திரையில் அந்தப் பெயரைத் தொட்டுப் பார்த்தால் பின்னாலுள்ள முகவரி வெளிப்பட்டுவிடும். தாளைத் தொட்டுப் பார்த்து என்ன பயன்?

வங்கிகள் மின்னஞ்சலில் அனுப்பும் மாதாந்திரக் கணக்கறிக்கையையே எடுத்துக்கொள்வோம். அக்கோப்புகளில் பலவற்றில் எண்மக் கையொப்பம் பதிக்கப்பட்டிருக்கும். கோப்பில் ஓர் இலக்கத்தை மாற்றினாலும் அந்தக் கையொப்பம் செல்லாமற்போய்விடும். அதுவே அதன் பாதுகாப்பு. அச்சிட்ட தாளிலோ கையொப்பத்தின் படம் இருக்குமே தவிர, கையொப்பம் இராது.

எங்கள் பகுதி வெல்ல வியாபாரி ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்லலாம். மறையூர் வெல்லம் 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. வெளிமாநிலத்தாரும் மின்னஞ்சல் வழியாகக் கேட்டு வாங்குகின்றனர். அவர் இரண்டு லாரி வெல்லம் அனுப்பினார். விலையை ஒப்புக்கொண்டு வந்த மின்னஞ்சலை அச்சிட்டு வைத்திருந்தார். சரக்கு போய்ச் சேர்ந்தபின், அந்த விலைக்குத் தாங்கள் ஒப்பவே இல்லை, அந்தக் கடிதம் தங்களுடையதன்று என்று வாங்கியவர்கள் கைவிரித்தனர். அவர் கையிலிருந்த தாளில் ஒரு பெயரும் நான்கு வரிகளும் இருந்தன. மூலம் அழிக்கப்பட்டிருந்தது. அந்தத் தாளை யார் வேண்டுமானாலும் தட்டச்சு செய்து எடுத்திருக்கலாம் என்று எதிர்த்தரப்பு சொன்னபோது அவரிடம் மறுமொழி இல்லை. இறுதியில் குறைந்த விலைக்கு இசைந்தார். எங்களிடம் அவர் வாங்கியிருந்த கடனின் தவணையும் அதனால் தள்ளிப்போயிற்று.

மறையூரின் முனியறைகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பெருங்கற்காலத்துக் கற்பலகைகள் இன்றும் நிற்கின்றன. யார் யாருக்காக எழுப்பினர் என்று சொல்லத்தான் ஒன்றும் இல்லை. பொருள் நிலைத்திருந்தும் விவரம் போய்விட்டது.

இவ்வினா நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. அமெரிக்காவில், ரீகன் அதிபராக இருந்த காலத்தில், வெள்ளை மாளிகையின் தேசியப் பாதுகாப்புக் குழு அலுவலர்கள் கணினி வழியே கடிதங்கள் பரிமாறிக்கொண்டனர். ஈரான்–கான்ட்ரா விவகாரம் வெளிப்பட்டபோது, அவர்கள் அழித்துவிட்டதாக எண்ணிய ஆயிரக்கணக்கான கடிதங்கள் காப்பு நாடாக்களிலிருந்து மீட்கப்பட்டன. 1989 ஜனவரியில் ரீகன் பதவி விலகும் தறுவாயில் அந்த நாடாக்களும் அழிக்கப்படவிருந்தன. ஸ்காட் ஆம்ஸ்ட்ராங் என்னும் பத்திரிகையாளரும் வேறு சிலரும் வழக்குத் தொடுத்தனர். முக்கியமானவற்றை அச்சிட்டு வைத்துக்கொண்டாலே போதும் என்பது அரசுத் தரப்பின் வாதம். 1993 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. யார் அனுப்பினார், யார் எப்போது பெற்றார் என்னும் விவரங்கள் அச்சுப்படியில் விடுபட்டுப்போகக் கூடும். ஆகவே அச்சுப்படி மின்பதிவுக்கு ஈடாகாது என்று கூறிவிட்டது. 1999இல் வேறொரு வழக்கில், அச்சிட்டு வைப்போருக்கும் சற்று இடம் கிடைத்தது உண்மையே. ஆனால் 2012ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசே, 2016 இறுதிக்குள் தன் துறைகள் அனைத்தும் மின்னஞ்சல்களை மின்வடிவிலேயே பேண வேண்டும் என்று ஆணையிட்டது.

நம் நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இத்திசையிலேயே சென்றிருக்கிறது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 7ஆம் பிரிவில், மின்பதிவைப் பாதுகாப்பது எப்படி என்று சொல்கிறது. பின்னர் எடுத்துப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். உருவான வடிவத்தில், அல்லது அதே விவரத்தைச் சரியாகக் காட்டும் வடிவத்தில் இருக்க வேண்டும். எங்கிருந்து, எங்கே, எந்த நாளில், எந்த நேரத்தில் என்னும் குறிப்புகள் உடன் இருக்க வேண்டும். அச்சிட்டு அழித்தவர் இவற்றுள் கடைசி நிபந்தனையிலேயே தவறிவிடுகிறார்.

வங்கிகளுக்கும் விதிவிலக்கு இல்லை. 1891ஆம் ஆண்டின் வங்கியாளர் ஏடுகள் சாட்சியச் சட்டப்படி, எங்கள் கணினியிலிருந்து எடுக்கும் கணக்கு விவர அச்சுப்படி நீதிமன்றத்தில் சாட்சியமாக வேண்டுமானால், கிளை மேலாளரோ தலைமைக் கணக்கரோ அளிக்கும் சான்றும், கணினி அமைப்பின் பொறுப்பாளர் அளிக்கும் சான்றும் வேண்டும். வங்கியின் தாளுக்கே துணைச்சான்று தேவைப்படும்போது, வீட்டில் அச்சிட்ட தாள் தனித்து நிற்கும் என்று எதிர்பார்ப்பது எப்படி?

கேரளத்தின் ஏறநாடு தொகுதித் தேர்தல் தொடர்பான அன்வர்–பஷீர் வழக்கில், சான்றிதழ் இல்லாமல் தாக்கல் செய்யப்பட்ட குறுந்தகடுகளை 2014இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது பலருக்கும் நினைவிருக்கும். 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் அந்நிலைப்பாட்டை உறுதிசெய்த நீதிமன்றம், மூலப்பதிவு இருக்கும் கணினியையோ கைபேசியையோ அதன் உரிமையாளர் நேரில் கொண்டுவந்து காட்டினால் சான்றிதழ் தேவையில்லை என்றும் தெளிவுபடுத்தியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் சான்றிதழ்ப் படிவம், கோப்பின் ‘ஹாஷ்’ மதிப்பையும் கேட்கிறது. அதனைக் கோப்பின் விரல்ரேகை எனலாம். மின்வடிவக் கோப்பு இருந்தால்தான் அதைக் கணக்கிட முடியும்.

இத்தனையும் சொன்னதால் காகிதத்தை நாம் இழிவாகக் கருதுவதாக எவரும் எண்ண வேண்டாம். எங்கள் மலைகளின் வரலாறே ஒரு காகிதத்தில் தொடங்குகிறது என்று சொன்னாலும் பிழையாகாது. 1877 ஜூலை 11 அன்று பூஞ்சார் அரசர், ஜான் டேனியல் மன்றோ என்பவருக்குக் கண்ணன் தேவன் மலைகளை எழுதிக்கொடுத்தார். அந்த நிலங்களை மீட்கக் கேரள அரசு 1971இல் சட்டம் இயற்றியபோது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1972இல் தீர்ப்பெழுதியவர்கள் அந்தப் பழைய பத்திரத்திலிருந்தே கதையைத் தொடங்க வேண்டியிருந்தது. கடவுச்சொல் எதுவும் கேட்காமல், மின்சாரம் இல்லாமல், 95 ஆண்டுகளுக்குப் பின்னும் அது பேசிற்று. அதற்குக் காரணம், அது காகிதத்திலேயே பிறந்தது, காகிதத்திலேயே கையொப்பமானது. பட்டயம், ஆதாரப் பத்திரம், உயில் போன்றவற்றுக்குத் தாளே மூலம்; அவற்றைப் படமெடுத்துக் கைபேசியில் வைத்திருப்பதுதான் நகல். மின்னஞ்சலுக்கு இது தலைகீழ். எது எங்கே பிறந்ததோ அதனை அங்கேயே காக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

மலையில் வாழ்வோருக்குக் காகிதத்தின் நிலையாமையும் தெரியாததன்று. 1924 ஜூலையில் வந்த வெள்ளம் மூணாற்றின் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதையையே அழித்தது. 2018 ஆகஸ்டில் மறையூருக்கு வரும் சாலையின் பெரியவாரைப் பாலம் இடிந்தது. அவ்வெள்ளத்தில் கேரளமெங்கும் நனைந்தும் அடித்துச் செல்லப்பட்டும் போன ஆவணங்களை மீண்டும் வழங்க அரசு அதாலத்துகளை நடத்த வேண்டியதாயிற்று. 2015 டிசம்பரில் சென்னையிலும் இதே நிலை. நகல் சான்றிதழ் வழங்கச் சிறப்பு முகாம்கள் நடந்தன. வெள்ளம் வேண்டாம், கரையானே போதும். தானியங்கிப் பணப்பொறி தரும் சீட்டுக்கோ கரையானும் வேண்டியதில்லை. வெப்பத்தாளில் பதிந்த எழுத்து சில மாதங்களில் தானே வெளிறிவிடும்.

அச்சிடுமுன் மரங்களை எண்ணிப் பார்க்குமாறு வேண்டும் வரி ஒன்று பல மின்னஞ்சல்களின் அடியில் இருப்பதுண்டு. அந்த ஒரு வரிக்காகவே இரண்டாவது தாள் வெளிவருவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

மின்வடிவத்துக்கு வருவோம். அதுவும் கவனிப்பாரற்றுக் கிடந்தால் அழியும். ஓலைச்சுவடியைப் பழுதாவதற்கு முன் புதிய ஓலையில் படியெடுத்தனர் நம் முன்னோர். அவ்வாறு எடுக்காதவை செல்லரித்தன. மின்பதிவுக்கும் அத்தகைய பராமரிப்பு வேண்டும். கூகுள் நிறுவனம், இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையை 2023 டிசம்பரில் தொடங்கியது. அக்கணக்கோடு அதிலுள்ள அஞ்சல்களும் போய்விடும். எங்கள் பகுதியில் இதனினும் எளிய ஆபத்து ஒன்று உண்டு. வாடிக்கையாளர் வங்கியில் பதிந்திருக்கும் மின்னஞ்சல் முகவரி, பெரும்பாலும் திருப்பூரிலோ கோவையிலோ வேலைபார்க்கும் மகனுடையது. அல்லது விண்ணப்பத்தை நிரப்பிக்கொடுத்த மையத்தினுடையது. மகன் கைபேசி எண்ணை மாற்றிவிட்டால் கடவுச்சொல்லை மீட்கும் வழியும் அடைபடுகிறது. கடிதம் போய்க்கொண்டே இருக்கும், படிப்பார் இருக்கமாட்டார்.

‘வங்கியில்தான் எல்லாம் இருக்குமே’ என்று சிலர் ஆறுதல் கொள்கின்றனர். இருக்கும், ஒரு காலம் வரை. 1985ஆம் ஆண்டின் ஆவணப் பாதுகாப்பு விதிகள், வங்கிகள் சில ஏடுகளைக் குறைந்தது 5 ஆண்டுகளும் வேறு சிலவற்றை 8 ஆண்டுகளும் காக்க வேண்டும் என்கின்றன. வீட்டுக்கடனோ 20 ஆண்டுகள் ஓடும். முதல் ஆண்டில் வட்டி விகிதம் பற்றி எழுதிய மின்னஞ்சல் பதினைந்தாம் ஆண்டில் தேவைப்பட்டால், அதை வைத்திருக்க வேண்டியவர் வாடிக்கையாளர்தான்.

பணம் நேரடியாகத் தொடர்புடைய இடமும் உண்டு. வீட்டுக்கடன் போன்ற தனிநபர் கடன் முழுதும் அடைந்தபின் 30 நாட்களுக்குள் அசல் சொத்துப் பத்திரங்களைத் திருப்பித்தர வேண்டும் என்றும், வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13 அன்று ஆணையிட்டது. அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. நாட்கணக்கில் பணம் எனும்போது, எந்த நாளில் கடன் முடிந்தது, எந்த நாளில் பத்திரம் கேட்டு எழுதினீர்கள் என்பதெல்லாம் பொருட்படும். அந்த நாளையும் நேரத்தையும் தன்னகத்தே சுமந்திருப்பது, அழிக்கப்படாத மின்னஞ்சல். வங்கி அலுவலர்களாகிய நாங்கள் இதைச் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். விவரம் தெளிவாக இருந்தால் வழக்கு குறையும். அது இரு தரப்புக்கும் நல்லது.

எனவே, வங்கிக்கென உங்கள் பெயரில் ஒரு தனி மின்னஞ்சல் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறையேனும் அதனைத் திறந்து பாருங்கள். முக்கியமான மின்னஞ்சல்களைத் தலைப்புக் குறிப்புகளோடு முழுக்கோப்பாகத் தரவிறக்கி வேறோர் இடத்திலும் சேமியுங்கள். கைபேசித் திரையைப் படமெடுத்து வைப்பது அதற்கு ஈடாகாது. பார்வைக்கு வசதி என்று தோன்றினால் அச்சிட்டும் கொள்ளுங்கள். கணக்கறிக்கைக் கோப்பைத் திறக்கும் கடவுச்சொல் எப்படி அமைந்தது என்பதைக் குடும்பத்தில் நம்பத்தகுந்த ஒருவருக்குச் சொல்லி வையுங்கள்.

கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தோன்றலாம். கணவர் மறைந்தபின் கிளைக்கு வரும் அம்மையார்கள் பலரிடம் அவருடைய கைபேசி இருக்கிறது, அதனுள் மின்னஞ்சல்கள் இருக்கின்றன; திறக்கத்தான் வழியில்லை. எந்தக் காப்பீட்டுக்குப் பணம் கட்டினார், எந்த வங்கியில் வைப்புத்தொகை இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை. இதற்குக் காகிதமே உதவும். ஒரே ஒரு தாள். வங்கிகளின் பெயர், கிளை, கடன் மற்றும் காப்பீட்டின் விவரம், நியமனதாரர் பெயர், எந்த மின்னஞ்சல் முகவரிக்குக் கடிதங்கள் வருகின்றன என்பது மட்டும் அதில் இருக்கட்டும். கடவுச்சொல்லும் ரகசிய எண்ணும் வேண்டாம். ஆண்டுக்கொருமுறை திருத்தி எழுதி, தேதியிட்டு, ஆதாரப் பத்திரம் இருக்கும் அதே பெட்டியில் வையுங்கள்.