யாருடைய பாட்டு ஏட்டில் ஏறும்?

கலைக்களஞ்சியம் பக்கச்சார்பற்றது என்று மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். அந்த நம்பிக்கையைச் சற்றே உரைத்துப் பார்ப்போம்.

லாறி நோர்மன் என்னும் அமெரிக்கப் பாடகர் 1972இல் வெளியிட்ட ‘ஒன்லி விசிற்றிங் திஸ் பிளனற்’ ஒரு கிறிஸ்தவ றொக் இசைத்தட்டு. ஆங்கில விக்கிப்பீடியாவில் அதற்குத் தனிக்கட்டுரை உண்டு. பாடல் வரிசை, வெளியிட்ட நிறுவனம், வாத்தியம் வாசித்தோர் பெயர், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அது சேர்ந்த செய்தி யாவும் அங்கே கிடைக்கும். இதில் நமக்குப் பொறாமையில்லை. வியட்னாம் போரையும் நிறவெறியையும் கண்டித்த பாட்டு அதில் உண்டு, அறியப்பட வேண்டியதே.

நம் கரைக்கு வருவோம். ஒல்லாந்தர் ஆட்சி கத்தோலிக்கரை ஒடுக்கிய 18ஆம் நூற்றாண்டில், கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் இயற்றியது வியாகுலப் பிரசங்கம். தவக்காலத்தில் அதைத் துயரம் தோய்ந்த இராகத்தில் பாடும் மரபு நம் கத்தோலிக்கக் கிராமங்களுக்கு உண்டு. அடிகளின் பெயர் ஏட்டில் ஏறிவிட்டது. தலைமுறை தலைமுறையாக அதை நெஞ்சிற் சுமந்த கடற்றொழிலாளரின் பெயர் எங்கே? எஸ்தாக்கியார் நாடகம் ஆட்டுவித்த அண்ணாவிமார் எத்தனை பேரை உலகறியும்? அமெரிக்க இசைத்தட்டில் மேளம் தட்டியவருக்குக் கிடைத்த ஒரு வரி இவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை?

“அச்சேறிய நம்பகமான சான்று வேண்டும்” என்கிறது கலைக்களஞ்சிய விதி. கேட்பதற்கு நியாயமே. ஆனால் அச்சு யார் கையில் இருக்கிறது? இசைத்தட்டை விற்கும் வணிகத்தைச் சுற்றியே விமரிசனங்களும் பேட்டிகளும் அச்சேறுகின்றன. அவையே பின்னர் சான்றாகின்றன. வலை இழுப்பவனின் பாட்டை விற்று இலாபம் காண்பாரில்லை. ஆகவே அச்சுமில்லை, சான்றுமில்லை. போதாக்குறைக்கு, 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிக்கப்பட்டன. இருந்த ஏடும் எரிந்த மண்ணிடம் ஏடு எங்கே என்று கேட்கிறது உலகம்!

அப்படியானால் சான்றே வேண்டாம் என்போமா? கூடாது. சான்றில்லாவிடின் சாதிப் பெருமையும் ஊர்ப்புளுகும் வரலாறாகிவிடும். குற்றம் நம் கல்விமான்கள் மீதும் உண்டு. கூத்தைக் கல்லாதார் கலையென்று நெடுங்காலம் ஒதுக்கியவர்கள் அந்நியரல்லர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மன்னார்ப் பகுதிக் கூத்துகளைப் பதிப்பித்தபோது, ஏட்டுச்சுவடியிலும் வாய்மொழியிலும் வாழ்ந்தவை அச்சேறின. 2005 முதல் நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை மின்வடிவிற் பேணி வருகிறது. வழி தெரிகிறது, நடப்போர் தொகைதான் போதாது.

ஆசிரியர்களே, மாணவர்களே! தவக்காலத்தில் கடற்கரைக் கிராமங்களுக்குச் செல்லுங்கள். பாடுவோரின் இசைவு பெற்றுப் பாட்டைப் பதிவு செய்யுங்கள். யாரிடம் கற்றார்கள் என்று கேட்டு எழுதுங்கள். சஞ்சிகையிலும் நூலிலும் பெயரோடு வெளியிடுங்கள். கலைக்களஞ்சியத்தின் வாசல் அச்சுக்கே திறக்குமெனில், அச்சை உழைப்போர் பக்கம் கொண்டுவருவது நம் கடமை.