மிடுக்கா, மினுக்கா?

"மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். ஆங்கிலத்தில் பகட்டாக நடப்பதற்கு ஐந்தாறு வார்த்தைகள் வருகின்றன. அகராதியைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரே அர்த்தம்தான் போட்டிருக்கிறது. என்ன வித்தியாசம்?" என்று பிரம்மதேசத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கடிதத்தின் அடியில் சின்னதாக இன்னொரு வரி: "அவள் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தாலே போதும், அவளுடைய ஆயா 'எப்படி மினுக்கிக்கினு போறா பாரு' என்கிறார். இதற்கு என்ன சொல்வது?"

முதலில் வார்த்தைகளைப் பார்ப்போம். ஒவ்வொன்றுக்கும் ஒரு உருவத்தை மனசில் வைத்துக்கொண்டால் மறக்கவே மறக்காது.

'ஸ்ட்ரட்' என்றால் சேவலை நினைத்துக் கொள்ளுங்கள். நெஞ்சை முன்னே தள்ளி, விறைப்பாக, 'என்னைப் பார்' என்று நடப்பது. 'ஸ்வாகர்' என்பது தோளை ஆட்டி, ஊரையே விலைக்கு வாங்கியவன் மாதிரி நடப்பது. 1590-களிலேயே ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வந்துவிட்ட வார்த்தை இது. 'ப்ரான்ஸ்' குதிரைக்கு உரியது. முன்காலைத் தூக்கித் தூக்கி வைக்கும் துள்ளல் நடை. புதுப் பாவாடை கட்டிய குழந்தை வாசலில் குதிப்பதற்கும் இதைச் சொல்லலாம். 'ஸஷே' என்பது பிரெஞ்சு நடனத்தில் வரும் ஓர் அடியின் பெயர் மருவி வந்தது. ஒயிலாக, இடுப்பசைய நடப்பது. 'ஃப்ளௌன்ஸ்' என்றால் கோபித்துக்கொண்டு விசுக்கென்று எழுந்து போவது. இது நம் வீடுகளில் தினமும் நடப்பதுதான்!

இன்னொரு வேடிக்கை பாருங்கள். 'ஸ்வான்' என்றால் அன்னம். நாம் 'அன்னநடை' என்றால் அது புகழ்ச்சி. ஆனால் இங்கிலாந்தில் ஒருத்தி 'ஸ்வான்' பண்ணிக்கொண்டு திரிகிறாள் என்றால், வேலைவெட்டி இல்லாமல் பகட்டாக உலாத்துகிறாள் என்று பொருள். அதே பறவைதான், ஒரு ஊரில் பாராட்டு, இன்னொரு ஊரில் ஏச்சு.

நம் தமிழில் மட்டும் என்ன குறைச்சல்? பீடுநடை, வீறுநடை, ராஜநடை என்று ஒரு வரிசை. மினுக்கல், குலுக்கல், தளுக்கு என்று இன்னொரு வரிசை. முதல் வரிசை பெரும்பாலும் ஆண்களுக்குப் போய்விட்டது. இரண்டாவது வரிசையை யாருக்கு வைத்திருக்கிறோம் என்று சொல்ல வேண்டுமா? அதே நிமிர்ந்த நடையைப் பையன் நடந்தால் 'மிடுக்கு', பெண் நடந்தால் 'திமிர்'!

திருவள்ளுவர் 59-வது குறளில் பீடுநடையைப் பற்றிச் சொல்கிறார். புகழை விரும்பிக் காக்கும் மனைவி அமையாதவனுக்கு, இகழ்வார் முன்னே ஏறுபோல் நடக்கும் நடை இல்லை என்பது அதன் கருத்து. அதாவது, கணவனின் நடைக்கே மனைவிதான் ஆதாரம். அப்படியானால் அவளுடைய நடை? பாரதியார் 'புதுமைப் பெண்'ணைப் பாடியபோது அவளை நிமிர்ந்து நடப்பவளாகத்தான் பாடினார்.

பிரம்மதேசத்துக்காரர்களுக்கு இதைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. மரக்காணம் உப்பளங்களுக்குப் போய்ப் பார்த்தால் போதும். தலையில் சும்மாடு, அதன்மேல் உப்புக்கூடை. பாத்திகளுக்கு நடுவே குறுகிய வரப்பு. கழுத்து நேராக, பார்வை முன்னே, அளந்து வைத்த அடி. கொஞ்சம் கூனினால் கூடை சரிந்துவிடும். அந்தப் பெண்கள் யாரிடம் பகட்டுக் காட்டுகிறார்கள்? அது உழைப்பு கற்றுக்கொடுத்த நடை.

1986-ல் 'நேச்சர்' என்ற விஞ்ஞான இதழில் கென்யா நாட்டுப் பெண்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சி வந்தது. சுமந்து பழகியவர்கள் தங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் வைத்து நடந்தும், வெறுமனே நடப்பதைவிட அதிக சக்தி செலவாகவில்லையாம்! அதற்காகத் தலைச்சுமை உடம்புக்கு நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். வருஷக்கணக்கில் அளவுக்கு மீறிச் சுமந்தால் கழுத்தெலும்பு தேயத்தான் செய்யும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது சுமையை அல்ல, நிமிர்வை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பத்து, பன்னிரண்டு வயதில் பெண் குழந்தைகள் பலர் திடீரென்று தோளைக் குறுக்கிக்கொள்கிறார்கள். மார்பு வளர்வதில் கூச்சம். வகுப்பில் தானே உயரம் என்றால் இன்னும் கூச்சம். அந்த நேரம் பார்த்து வீட்டிலும் "அடக்கமா நடடி" என்றால், அந்தக் கூன் அப்படியே படிந்துவிடும். பிறகு கழுத்துவலி, தோள்வலி, முதுகுவலி.

தாய்மார்கள் செய்யக்கூடியவை சில:

அளவான உள்ளாடையை வாங்கிக்கொடுத்து, இந்த வளர்ச்சி எல்லோருக்கும் வருவதுதான் என்று தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள். பாதிக் கூச்சம் அன்றே போய்விடும்.

தினம் இரண்டு நிமிஷம் சுவரில் சாய்ந்து நிற்கட்டும். குதிகால் சுவரிலிருந்து இரண்டு விரல்கடை தள்ளி இருக்கலாம். பிட்டம், தோள், பின்தலை மூன்றும் சுவரைத் தொடவேண்டும். நெஞ்சைச் சேவல் மாதிரி தள்ள வேண்டாம், மூச்சு இயல்பாக வரட்டும். அந்த நிலையிலேயே நாலடி நடக்கச் சொல்லுங்கள்.

புத்தகப்பையை ஒரு தோளில் தொங்கவிட வேண்டாம். 2020-ல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கை, பையின் எடை குழந்தையின் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது. 40 கிலோ பெண்ணுக்கு 4 கிலோ.

எண்ணெய் தேய்த்துவிடும் நாளில் முதுகைப் பாருங்கள். முன்பக்கம் குனியச் சொன்னால் ஒரு பக்கம் மட்டும் மேடு தட்டுகிறதா? ஒரு தோள் உயர்ந்திருக்கிறதா? அது முதுகெலும்பு வளைவாக இருக்கலாம். வளரும் வயதுப் பெண்களிடம் இது கூடுதலாக வரும். "நேரா நில்லுடி" என்று அதட்டினால் சரியாகாது. எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆயாவிடம் சண்டை போட வேண்டாம். "கூன் போட்டா பின்னாடி இடுப்புவலி வருமாம் அத்தை, டாக்டருங்க சொல்றாங்க" என்று சொல்லிப் பாருங்கள். வலியின் அருமை அவருக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். சமையல் மேடையிலும் தையல் மெஷினிலும் குனிந்தே நிற்கிற நாமும் அந்த இரண்டு நிமிஷம் மகளுக்குப் பக்கத்தில் சுவரோரம் நின்றால், அவளுக்கும் செய்ய ஆசை வரும்.