எதிர் மனையின் நிறம் என்ன?

பதிவு கொஞ்சம் நீளம். மனை வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களும், புறநகரில் வாங்கிக் குடியேறிவிட்டவர்களும் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்கள் கடந்து போனால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன வாரம் என்னிடம் நான்காம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். இப்போது அவனுக்கே கல்லூரிக்குப் போகும் பெண் இருக்கிறாள். கையில் ஒரு தடித்த ஃபைல். "எல்லாம் கிளியர் டீச்சர். நீங்க ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா நாளைக்கே அட்வான்ஸ் குடுத்துடுவேன்" என்றான்.

பட்டா, தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, வக்கீல் எழுதிய கருத்து, மனைப்பிரிவு அனுமதி எண் என எல்லாமே இருந்தன. குறை சொல்ல ஒன்றுமில்லை. "எதிர்ல என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"காலி இடம் டீச்சர். பத்து ஏக்கர் இருக்கும். நல்ல காத்து வரும்."

காலி இடம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் போட்டால் அந்த நிலம் எந்த மண்டலம் என்று காட்டும். அவன் வாங்கும் மனை கலப்புக் குடியிருப்பு. நல்லது. எதிரில் உள்ள சர்வே எண்ணைப் போட்டோம். தொழிற்சாலை மண்டலம்.

பையன் முகம் வாடிவிட்டது. "புரோக்கர் சொல்லவே இல்லையே டீச்சர்!" புரோக்கர் பொய் சொல்லவில்லையப்பா. இன்றைக்கு அது காலி இடம்தான். நாளைக்கு அங்கே சட்டப்படி ஒரு தொழிற்சாலை வந்தால் நீ யாரிடம் போய்ச் சண்டை போடுவாய்?

நம் ஜனங்களுக்கு நிலம் என்றால் பட்டாதான். பட்டா கைக்கு வந்துவிட்டால் எல்லாம் வந்துவிட்டதாக நினைக்கிறோம். ஒரே துண்டு நிலத்தை மூன்று இலாகாக்கள் மூன்று விதமாகப் பிரித்து வைத்திருப்பது பலருக்குத் தெரியாது. வருவாய்த் துறைக்கு அது நஞ்சை அல்லது புஞ்சை. பதிவுத் துறைக்கு அது வழிகாட்டி மதிப்பு போடுவதற்கான ஒரு வகை. நகரமைப்புத் துறைக்கு அது ஒரு மண்டலம்: குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, விவசாயம் என்று. பட்டாவில் புஞ்சை என்று இருக்கும், திட்ட வரைபடத்தில் அதே நிலம் குடியிருப்பாக இருக்கும். வழிகாட்டி மதிப்புப் பட்டியலில் குடியிருப்பு என்று இருக்கும், திட்டத்தில் விவசாய மண்டலமாக இருக்கும். வீடு கட்டலாமா, கம்பெனி வரலாமா என்பதை முடிவு செய்வது மூன்றாவது காகிதம். அதைத்தான் நாம் யாரும் பார்ப்பதில்லை. வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் இருந்தால் அனுமதி இருப்பதாக நினைப்பவர்களும் உண்டு. இல்லை. வரி வாங்குவது வேறு, அனுமதி கொடுப்பது வேறு.

இந்த மண்டலங்களுக்கு அடிப்படை 1971-ஆம் வருடத்து நகர் ஊரமைப்புச் சட்டம். சென்னைப் பெருநகருக்கு 1975-இல் முதல் முழுமைத் திட்டம் வந்தது. இரண்டாவது 2008 செப்டம்பரில் வந்தது, 2026-ஐக் கணக்கில் வைத்துப் போட்டது. 1,189 சதுர கிலோமீட்டருக்கு, கிராமம் கிராமமாக, சர்வே எண் வாரியாக நிறம் தீட்டியிருக்கிறார்கள். கோவை, மதுரை பக்கத்து நண்பர்கள் நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

இனி என் கதை. 1994-இல் தாம்பரத்தைத் தாண்டி ஒரு மனை வாங்கினோம். நானும் என் கணவரும் ஆசிரியர் சம்பளத்தில் சீட்டுப் போட்டு, நகையை வைத்து வாங்கியது. மனை விற்றவர் கொடுத்த நோட்டீஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் தெருக்கள், மனை எண்கள், நடுவில் பச்சை நிறத்தில் 'சிறுவர் பூங்கா'. அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் என் கணவர் அட்வான்ஸ் கொடுத்தார். "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்றார்கள், நம்பினோம். பெருநகரப் பகுதிக்குள் மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தர வேண்டியது சி.எம்.டி.ஏ. என்று இரண்டு ஆசிரியர்கள் இருந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

பத்து வருடம் பிள்ளைகள் அந்தக் காலி இடத்தில் விளையாடினார்கள். பிறகு ஒருநாள் காலையில் கல் நட்டார்கள். ஓடிப்போய்க் கேட்டோம். விற்றவர் அமைதியாகப் பட்டாவைக் காட்டினார். அவர் பெயரில்தான் இருந்தது. முறையான மனைப்பிரிவில் சாலைகளையும் பூங்கா இடத்தையும் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்த பிறகுதான் அனுமதி கிடைக்கும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவானால், சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கை இடமாகவே கொடுத்தாக வேண்டும், பணம் கட்டித் தப்ப முடியாது. எங்களுடையது அனுமதியே இல்லாத மனைப்பிரிவு. தானப் பத்திரம் எழுதப்படவே இல்லை. எங்கள் பூங்கா நோட்டீஸில் மட்டும்தான் இருந்தது. இன்று அங்கே ஆறு வீடுகள். அவர்களையும் குறை சொல்ல மாட்டேன், எங்களைப் போல நகையை வைத்து வாங்கியவர்கள்தான்.

2016 செப்டம்பரில் அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை போட்டதும், 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். நாங்களும் கட்டணம் கட்டி வரன்முறை செய்துகொண்டோம். மனை சரியாகிவிட்டது. பூங்கா திரும்பி வரவில்லை. என் பேரன் தெருவில் ஆட்டோவுக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவே கிரிக்கெட் ஆடுகிறான்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரைபடத்தில் நீலம் கடல், பச்சை சமவெளி, பழுப்பு மலை என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தவள் நான். என் தெருவுக்கும் அரசாங்கம் ஒரு நிறம் தீட்டியிருக்கிறது என்று ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது. சிரிக்காதீர்கள், உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதற்காக விதி என்று சொல்லிக்கொண்டு தெருவில் தையல் மிஷின் போட்டிருக்கும் பெண்ணையும், மாலையில் இட்லி விற்கும் அம்மாவையும் விரட்டச் சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் தெரு செத்துப்போகும். நம் ஊரில் விதி முதலில் பாய்வது இவர்கள் மேல்தான். ராத்திரி இரண்டு மணிக்கு லாரி வந்து சரக்கு இறக்கும் குடோனிடம் அதே விதி வாயைத் திறப்பதில்லை. எனக்கு இதில்தான் ஆத்திரம்.

இன்னொன்று, தீட்டிய நிறம் மாறாது என்றும் நினைக்க வேண்டாம். நில உரிமையாளர் விண்ணப்பித்தால் வகைமாற்றம் செய்ய சட்டத்திலேயே வழி உண்டு. அதற்கு முன் ஆட்சேபணை கேட்டுப் பத்திரிகையில் அறிவிப்பு வரும். பொடி எழுத்தில் சர்வே எண்ணும் கிராமமும் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு அது தன் எதிர் நிலம் என்று எப்படித் தெரியும்? தெருவின் பெயர் இருக்காது. பேப்பர் வாங்கும் வீடுகளே குறைந்துவிட்டன. வெளியிட்டாயிற்று, ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை என்று கோப்பு நகர்ந்துவிடும். அந்த நிலத்தின் முன்னாலேயே, நின்று படிக்கும் அளவில் தமிழில் ஒரு பலகை வைக்க வேண்டும். பகுதி சபைக் கூட்டத்தில் அதை வாசிக்க வேண்டும். பெரிய செலவு இல்லை. நான் கேட்பது இவ்வளவுதான்.

2046 வரைக்கும் பொருந்தும் மூன்றாவது முழுமைத் திட்டத்துக்கான வேலை நடக்கிறது. நம் பேரப்பிள்ளைகள் வீடு கட்டும் காலத்துக்கான நிறங்களை இப்போதுதான் தீட்டுகிறார்கள். கருத்துக் கேட்கும்போது நாம் போகாமல் இருந்தால், நிலம் வைத்திருப்பவர்கள் மட்டும் போவார்கள்.

மனை பார்ப்பவர்களுக்கு: பட்டாவில் உள்ள வருவாய்க் கிராமத்தின் பெயரைப் பாருங்கள். தபால் முகவரியில் இருக்கும் ஊர் வேறாக இருக்கலாம். உட்பிரிவு எண் புதிதானால் பழைய எண்ணையும் தேடுங்கள். உங்கள் மனையோடு நிறுத்தாமல் நான்கு பக்கத்து எண்களையும் பாருங்கள். பூங்கா என்று காட்டினால் தானப் பத்திரத்தின் நகல் கேளுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

என் மாணவன் இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசிக்கொண்டிருக்கிறான்.

எங்கள் வார்டு நண்பர்களுக்கு: அந்த அறிவிப்புப் பலகை கேட்டு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த பகுதி சபையில் கொடுக்கப் போகிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் மாலை 5 மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள். காபி உண்டு.